மேல்காட்டை விட்ட கோடை

போடிமெட்டுக்கு அப்பால், என் கூட்டாளியின் ஏலத்தோட்டத்தில் ஒரு கல் வீடு இருக்கிறது. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத வீடு. மூன்று பக்கமும் பலகைக் கல் நட்டு, மேலே ஒரே கல்லைக் கூரையாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரைக்கல்லை இன்றைக்கு ஏற்றித் தரச் சொன்னால் நான் கிரேன் கேட்பேன். ஏற்றியவர்கள் யார், எந்தக் காலத்தில் ஏற்றினார்கள் என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. வேலைக்கு வரும் பெண்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் தூக்குச்சட்டிகளை அதற்குள் வரிசையாக வைத்துவிட்டுத்தான் செடிக்குள் போவார்கள். உள்ளே அப்படி ஒரு குளுமை. மத்தியானம் வரைக்கும் குழம்பு ஊசாது.

அது செத்தவர்களுக்காகக் கட்டியது என்று எங்கேயோ படித்ததை ஒருநாள் அவர்களிடம் சொன்னேன். ஒருத்தியாவது சட்டியை வெளியே எடுப்பாள் என்று பார்த்தேன். பெண்களை வேலை வாங்கும் கங்காணி அக்கா அசையவே இல்லை.

"இருக்கட்டும்ண்ணே. கருவாட்டுக் கொழம்பு. மோந்துட்டுப் போகட்டும், பாவம்."

நான் பம்பு மெக்கானிக். போடியில் கடை, மலையில் பாதி நாள். பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. ஆனால் கை மோட்டாரில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது என்று, அழிந்துபோன பழைய ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்களின் பேச்சைப் போனில் கேட்கத் தொடங்கினேன். தெருவுக்குத் தெரு சாக்கடை வைத்துச் செங்கல்லில் கட்டிய ஊர்கள், காட்டுக்குள் கோபுரங்களை மட்டும் நிற்க விட்டுவிட்டு ஆட்கள் காணாமல் போன ஊர்கள். ஒருமுறை போடியிலிருந்து ரயிலேறி மதுரைக்குப் போய், வைகைக் கரையில் தோண்டிய குழிகளையும் பார்த்துவிட்டு வந்தேன். சுட்ட மண் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. வளையம் வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நேர்த்தியைத் தொழில்காரனாகிய நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இத்தனை தெரிந்தவர்கள் ஏன் போனார்கள்?

கேள்வி மண்டைக்குள் ஏறினால் எனக்கு இறங்காது. பார்த்தவரையெல்லாம் கேட்பேன். பதில் சரியா தப்பா என்பதைவிட, ஒவ்வொருவர் வாயில் அது எப்படி வருகிறது என்பதில்தான் எனக்கு ருசி. குள்ளர் வீட்டுப் பக்கம் சாப்பாட்டு வேளையில் கேட்டபோது வந்ததைக் கேளுங்கள்.

"மாமியா மருமக சண்டையாத்தான் இருக்கும். பாருங்க, ஒரே ரூம்பு" என்றாள் ஒருத்தி.

"வேலைக்குப் போயிருப்பாக. சாயங்காலம் ஜீப்பு வந்திருக்காது" என்றாள் இன்னொருத்தி. அன்று காலைதான் ஜீப்பு வராமல் ஒரு மணி நேரம் நின்றிருந்தார்கள்.

"எவனாவது படையெடுத்து வந்து அடிச்சிருப்பான். வேற என்ன?" என்றான் தோட்டக்காரனாகிய என் கூட்டாளி.

கங்காணி அக்கா கடைசி உருண்டையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அழிஞ்சிருக்க மாட்டாகண்ணே. அலுத்துப் போயிருப்பாக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கோடை வரும்வரை அதை ஒரு நல்ல பேச்சு என்றுதான் வைத்திருந்தேன்.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஒரே பெஞ்சு. போடியில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் கல்லாவில் உட்கார, அவன் மட்டும் மலை ஏறினான். தொழுகைத் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிப்பான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவனுக்கு நான் மாப்ளே, எனக்கு அவன் மாப்ளே. யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை.

அவன் தோட்டம் ஒரு சரிவு. மேல் பாதி மேல்காடு. கீழ் பாதி ஓடைப்பள்ளம். நடுவில், ஊற்றை ஒட்டி ஒரு குளம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் முதன்முதலில் போன காலத்தில் குளத்திலிருந்து ஒரு கறுப்பு ஓஸ் பள்ளத்துக்கு இறங்கும். தண்ணீர் தானாகப் போகும். ஏற்பாடு அவ்வளவுதான். மேல்காட்டுச் செடிகள் பெரிய மரங்களின் நிழலில் நின்று, மழைக்குக் காய்த்து, கோடைக்குச் சும்மா இருக்கும். பிறகு அதிகம் காய்க்கும் புதுச் செடி வந்தது. அதற்கு வெளிச்சம் வேண்டும். மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிப்பது மலையில் உள்ள வழக்கம்தான். கொஞ்சம் கூடுதலாகக் கழித்தார்கள். காய்ப்பு அள்ளிக் கொட்டியது. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். வெளிச்சம் விழுந்த மண் கோடையில் காய்ந்தது. காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வந்தது. ஏற்றிய தண்ணீரை வைக்க உச்சியில் டேங்க். டேங்கிலிருந்து தெளிப்பான்கள். குளம் போதாமல் அதை அகலமாக்கி, தண்ணீர் மண்ணுக்குள் போகாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டோம். மலையாளச் சேட்டன்கள் படுதாக்குளம் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பிறகு குளத்தை நிரப்ப ஒரு போர்க்கிணறு. கடைசியாக, போனிலேயே மோட்டாரைப் போட ஒரு பெட்டி.

பள்ளத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. வைக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அங்கே நிற்கும் பெருமரங்களில் வருடா வருடம் மலைத்தேனீ அடை கட்டும். கிளை கழிக்க வரும் ஆட்கள் ஏணியைக்கூடச் சாத்த மாட்டார்கள். "அந்த மரத்துல நீ ஏறு, நான் கீழ நின்னு ஒனக்காக துவா செய்றேன்" என்று கூட்டாளி என்னைப் பார்த்துச் சொல்வான். அப்படியே இருட்டாக, பழைய செடிகளோடு, குறைவாகக் காய்த்துக்கொண்டு அது கிடந்தது.

இதையெல்லாம் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஏற்பாடு ஓடியபோது நான் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். போடியில் சவரக்கடை நாற்காலியில், முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்து அவன் போனை அமுக்குவான். மலைக்கு மேலே, மேகத்துக்குப் பக்கத்தில், அவன் செடிகளுக்கு மட்டும் மழை பெய்யும். "பாத்தியா மாப்ளே, ஒருத்தன் தாடி எடுக்குற நேரத்துல ஒரு காடு நனையுது" என்பான். உள்ளங்கையில் ஒரே ஒரு ஏலக்காயை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து உலை வைத்த பெண், பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஏற்றும் டிரைவர், கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர், எந்தத் தேசத்திலோ அந்தப் பெட்டிக்குள் சில்லுப் பதித்தவர், கம்பத்தில் ஏறி ஃபியூஸ் போட்டவர், காய் காய வைக்கும் ஸ்டோரில் சூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், இத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே கை கோர்த்து நின்றால்தான் இந்தப் பச்சைக்காய் என் கையில் இருக்கிறது. ஊர் என்பது இதுதானே? அந்தப் பழைய ஊர்களும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும்.

அந்த வருடம் மாசியில் வர வேண்டிய தூறல் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. சித்திரையில், மலையில் போர்வையோடு திரிகிறவர்கள் கீழே தேவாரம் ஊர்ப் புழுதிக்காட்டில் நிற்பதுபோல வேர்த்து நின்றார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு இடைஞ்சலுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மேல்காட்டில் இலை கருகியது. நிழல் வேண்டும். நிழலைத்தான் வெட்டிவிட்டோமே? பச்சை வலை வாங்கி வந்து, கிளை இழந்த மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டினோம். "மரத்த மொட்டையடிச்சுப்புட்டு அதுக்கே முக்காடு போடுறோம்" என்று பெண்கள் பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டே கட்டினார்கள். குளம் இறங்கியது. போரை அதிக நேரம் ஓட்டினோம். மலை முழுக்க எல்லோரும் அதையே செய்ததால் கரண்டின் அழுத்தம் விழுந்து மோட்டார் முனகியது. ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். அதற்கு டீசல் வேண்டும். பெண்களை ஏற்றி வரும் ஜீப்பு டீசல் கேன்களை ஏற்றி வந்தது. ஜீப்பு டீசலுக்குப் போனதால் பாதிப் பெண்கள் வர முடியவில்லை. அவர்கள் வராததால் வலை பாதியில் நின்றது. வலை நின்ற இடத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் டீசல்.

ஒருநாள் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றுவிட்டது. முன்பு ஒரு மணி நேரம் ஓட்டினால் மேல்காடு நனையும். இப்போது பகல் முழுக்க ஓட்டியும் வேர் நனையவில்லை. நாங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சரியான வேலை. அந்தச் சரியான வேலைகள் எல்லாம் சேர்ந்து இப்போது தங்களுக்கே தீனி கேட்டுக்கொண்டிருந்தன. செடிக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம். ஏற்பாட்டைத் தாங்கவே மீதியெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கங்காணி அக்கா சொன்ன அலுப்பு என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. உடம்பு அலுப்பு வேறு. இது இன்னும் ஒரு முடிச்சைப் போடப் போகும் கையின் அலுப்பு.

குளத்தில் பிளாஸ்டிக் தெரியத் தொடங்கிய காலையில் அக்கா கூட்டாளியிடம் நேராகவே சொன்னார்.

"மேல விட்டுருங்க மொதலாளி. இருக்குற தண்ணிய பள்ளத்துக்கு விடுங்க."

"ஒனக்கென்னக்கா, இது இல்லேன்னா நாளைக்கு வேற தோட்டத்துக்கு ஜீப்பு ஏறிருவ."

"ஏறுவேன். எத்தன தோட்டத்த விட்டுட்டு ஏறிருக்கேன். நீங்க ஒண்ணையும் விட்டதில்ல, அதான் ஒங்களுக்கு இம்புட்டுக் கஷ்டமா இருக்கு."

அவன் கோபத்தில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான், தொழுகை நேரமில்லை என்றாலும். "மேல்காடு நான் வச்சதுக்கா. ஒவ்வொரு கன்னும் இந்தக் கையால வச்சது. பள்ளம் வாங்கும்போதே இருந்தது. வச்ச புள்ளைய விட்டுட்டு வந்த புள்ளைக்குத் தண்ணி குடுக்கச் சொல்றியா?"

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவன் மேல்காட்டுக்கு ஏறினான். நானும் பின்னால் போனேன். ஒரு செடியடியில் உட்கார்ந்து விரலால் மண்ணைத் தோண்டினான். வேர்க்கிழங்கு செத்துப்போய்க் கைக்குள் பஞ்சுபோல் அமுங்கியது. அடுத்த செடி. அதற்கடுத்தது. எழுந்து சரிவு முழுக்க இறங்கிப் பள்ளத்துக்குப் போனான். அங்கே மண் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தலைக்கு மேல் நீட்டிய இலைகள் ஓரத்தில் சுருளத் தொடங்கியிருந்தன. ஒரு இலையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். விட்டதும் அது மறுபடி சுருண்டது.

"இதுவும் போகப்போகுது மாப்ளே."

"போகும்."

"ரெண்டுக்கும் பத்தாது."

"பத்தாது."

"ஒண்ணுக்கு?"

"பள்ளத்துக்குன்னா கொஞ்ச நாள் தாங்கும். மோட்டாரும் வேணாம், தானா எறங்கிரும்."

"அப்ப வால்வத் திருப்பு."

அங்கேதான் நான் விழித்தேன். வால்வு இல்லை. மோட்டார் வைத்த காலத்தில் பள்ளத்துக்குப் போன பழைய ஓஸைக் கழற்றிவிட்டு, குளத்துத் தண்ணீர் முழுவதையும் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து மேல்காட்டைக் கடந்து மிச்சம் இருந்தால் பள்ளத்துக்கு வருகிற மாதிரி பைப்பு ஓட்டியிருந்தோம். இடையில் ஒரு வால்வு போடலாமா என்று அப்போது பேச்சு வந்தது. "எதுக்குடா, பிரஷர் கொறையும்" என்றான் அவன். சரிதான் என்றேன் நான். திரும்பக் கீழே வர வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? மலை முழுக்க நான் பார்த்த எல்லாத் தோட்டங்களிலும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்கு எத்தனையோ வழி, இறங்குவதற்கு ஒரு திருகுகூட இல்லை.

"கொளத்துல இருந்து வர்றது ஒரே பைப்புதான். அறுத்தாத்தான் உண்டு மாப்ளே. அறுத்தா மேலே இந்த வருசம் ஏறாது" என்றேன்.

குளத்துக் கரைக்கு ஏறி வந்தோம். கடை அண்ணன் தம்பிகளுக்கு; அவனுக்கு அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு வருமானம் கிடையாது. பாதியை இழப்பதா, எல்லாவற்றையும் இழப்பதா என்பதுதான் கேள்வி என்று அவனுக்கும் தெரியும். தெரிவதற்கும் கை நீளுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்கு அவன் முகத்தில் பார்த்தேன்.

"ஆக்சா பிளேடக் கொண்டா."

"நான் அறுக்குறேன்டா."

"கொண்டாங்குறேன்ல. வெரசா."

மோட்டாரை நிறுத்திவிட்டு நான் பைப்பைப் பிடித்துக்கொண்டேன், அவன் அறுத்தான். நான் போனில் கேட்ட வீழ்ச்சிகளில் எல்லாம் தீயும் கூச்சலும் இருந்தன. இங்கே பிளாஸ்டிக் தூள் அவன் முழங்காலில் வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பைப்பு விட்டதும் ஓஸைச் செருகிப் பள்ளத்துப் பக்கம் திருப்பினேன். ஜெனரேட்டரை நிறுத்தினேன். ஓஸ் ஒருமுறை காற்றைக் கக்கியது, பிறகு கனத்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, யாரும் தள்ளாமல்.

வாரக்கணக்கில் அந்த ஜெனரேட்டர் சத்தத்துக்குள்ளேயே இருந்துவிட்டோம். அது நின்றதும் மலை திரும்பி வந்தது. பள்ளத்து மரங்களிலிருந்து தேனீக்களின் இரைச்சல், எங்கோ ஒரு மரங்கொத்தி, கீழே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்யும் குரல். இவ்வளவும் இத்தனை நாளும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று ஜீப்பில் இறங்கும்போது ஒரு எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்றைக்கும் விடவில்லை. எங்கள் மேல்காட்டில் இருந்தவை செடிகள். அந்தப் பழைய ஊர்களில் மேல்காட்டில் இருந்தவர்கள் மனிதர்கள். எதை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. தன் வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைத் தானே அறுக்க யார் பிளேடு கேட்பார்கள்? அவர்களுக்குப் புத்தி இல்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. வளையக் கிணறு இறக்கியவர்களுக்குப் புத்தி இல்லையா? நாளைக்கு மழை வந்துவிடும், இன்னும் ஒரு ஏற்பாடு செய்து பார்ப்போம் என்று கடைசி வரை நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கையில்தானே அத்தனை பெரிய ஊரையும் எழுப்பினார்கள். எழுப்பியதும் அதே கை, விட முடியாமல் நின்றதும் அதே கை என்று நினைக்க நினைக்க எனக்கு அவர்கள் மேல் மலைப்புத்தான் கூடுகிறது.

மேல்காடு முதலில் மஞ்சளானது. பிறகு செடிகளின் தட்டைகள் ஒவ்வொன்றாக மடங்கின. கூட்டாளி அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு வழியாகச் சுற்றி இறங்குவான். பெண்களும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கங்காணி அக்கா மட்டும் ஒருநாள், காய்ந்த தட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்துச் செடிகளின் அடியில் மூடாக்குப் போட்டார். "அண்ணன் துணிய தம்பி போட்டுக்கிறட்டும்" என்றார். கூட்டாளி அதைக் கேட்டுத் திரும்பிக்கொண்டான். சிறிது நேரத்தில் அவனும் அள்ளத் தொடங்கினான்.

வைகாசி கழிந்து மழை இறங்கியது. இறங்கியது என்றால் மலையே ஓடிப் போய்விடும் போல இறங்கியது. பத்து நாளுக்கு யாரும் மேலே போகவில்லை. பாதை திறந்ததும் நாங்கள் போனோம்.

மேல்காட்டைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். செத்த செடிகளுக்கு நடுவே தரை முழுக்க முளைப்பு. பலா, காட்டுமரங்கள், பெயர் தெரியாத கொடிகள், உள்ளங்கை வைக்க இடமில்லை. இத்தனை வருடம் களையெடுத்தும், மருந்தடித்தும், மூச்சுவிடாமல் இந்த விதைகள் எல்லாம் அந்த மண்ணுக்குள் காத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. நாங்கள் கட்டியதுதான் காடு என்று நினைத்திருந்தோம். அது எங்களுக்கு அடியில் தன் காட்டை மடித்து வைத்திருந்தது.

"மாப்ளே!" பள்ளத்திலிருந்து அவன் குரல். பாம்புதான் கடித்துவிட்டதோ என்று வழுக்கி வழுக்கி இறங்கி ஓடினேன். அவன் ஈரச்சகதியில் குப்புறப் படுத்திருந்தான், கன்னம் மண்ணில். ஏலம் பூக்கும் சரம் தரையோடு தரையாகத்தான் ஓடும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அவன் விரல் காட்டிய இடத்தில், மூடாக்குக்கு அடியிலிருந்து ஒரு சரம் தலை நீட்டி, அதில் ஒரு பூ. வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள், யாரோ மெல்லிய பேனாவால் இழுத்தது போல. நானும் படுத்தேன். இரண்டு தொப்பைகளும் சகதியில் அமுங்கின. அந்தப் பக்கம் இன்னொரு சரம். அதற்கப்பால் இன்னொன்று. படுத்துப் பார்த்தால் பள்ளம் முழுக்க.

பின்னால் கொலுசுச் சத்தம் வந்து நின்றது. கங்காணி அக்கா.

"என்னண்ணே இது, கும்புடுறீகளா தொழுகுறீகளா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "சத்தம் போடாதக்கா. பூத்திருக்கு."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களுக்குப் பக்கத்தில் மெல்ல மண்டியிட்டுக் குனிந்தார்.